உல்யானாவின் நான்கு நிமிட இருட்டு

எங்கள் ஊர் வெர்பிவ்காவுக்கு வந்து "திரைப்பட இயக்குநர் உல்யானா கோவ்துன் வீடு எது?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "நீனாவோட பொண்ணு, கல்யாண வீடியோ எடுக்குமே" என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். கீவ் தொலைக்காட்சியில் அவளுடைய பேட்டி வந்த மறுநாள், ரொட்டிக் கடை வரிசையில் ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டினாள்.

"நேத்து உன்னை டிவில பார்த்தேன்டி, நல்லாப் பேசின. அது கிடக்கட்டும், எங்க பொண்ணு கல்யாண டிஸ்க்ல கீறல் விழுந்துருச்சு. உங்கிட்ட இன்னொரு காப்பி இருக்குமா?"

இருந்தது. உல்யானா எதையும் அழிப்பவள் இல்லை. அவளுடைய பலமும் அதுதான், அவளைப் பிடித்த சனியனும் அதுதான்.

அம்மா நீனா சர்க்கரை ஆலையின் எடைமேடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். சர்க்கரைக்கான பீட்கிழங்கு ஏற்றிய லாரி மேடை ஏறுவதற்கு முன்பே அதன் எடையைச் சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேர். பெற்ற பெண்ணை எடைபோடுவதில் மட்டும் கோட்டை விட்டாள். பெண் கணக்குப் படித்து ஆலை அலுவலகத்தில் உட்காருவாள் என்று நம்பியிருந்தாள். உல்யானாவுக்குப் பதினேழு வயதானபோது ஆலையையே மூடிவிட்டார்கள். அதே வருஷம் அவள் போட்டோ ஸ்டூடியோக்காரரின் பழைய வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போக ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் இரண்டு நாள். வேறு யாராவது வீடியோ எடுத்தால் ரொட்டி வெட்டுவது, முத்தம், நடனம், அழுகிற அத்தை என்று ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள். உல்யானா எடுத்தால் ஆறு மணி நேரம். கேமராவை ஓடவிட்டால் நிறுத்த அவளுக்குக் கை வராது. "கொஞ்சமாவது வெட்டும்மா" என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சுவார்கள். "எதை வெட்டறது? எல்லாமே நடந்ததுதானே?" என்பாள்.

ஒருமுறை நடனத்தின் நடுவே மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டு நிமிஷம். அவள் அப்போதும் நிறுத்தவில்லை. டேப்பைப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு நிமிஷமும் கறுப்புத் திரை. சிரிப்பு கேட்டது, நாற்காலி விழுந்தது கேட்டது, யாரோ கிள்ள ஒருத்தி "ஐயோ" என்றது கேட்டது, எதற்கும் அசராமல் அக்கார்டியன் பெட்டி ஒலித்துக்கொண்டே இருந்தது. பெண்ணின் அப்பா தாம்தூம் என்று குதித்தார். "இருட்டைப் படம் புடிக்கவா உன்னைக் கூப்பிட்டேன்?" அந்தத் துண்டை வெட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெட்டிய துண்டை அவள் எறியவில்லை, தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

கீவ் திரைப்படக் கல்லூரி மூன்றாவது முறைதான் அவளைச் சேர்த்துக்கொண்டது. படித்து முடித்து எடுத்த முதல் படம், மாவட்ட ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. பத்தொன்பது பட விழாக்களுக்கு அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வந்தவனைப் பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்வதில்லை, கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீனா மகளிடம் போனில் கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை பூசணிக்காய்டி?" பத்தொன்பதும் பூசணிக்காய்தான். இரண்டாவது படத்தை ஒரு சின்ன ஊரின் பட விழா கூப்பிட்டது. அரங்கில் ஆறு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் புரொஜெக்டர் ஓட்டுபவர்கள்.

அப்புறம் போர் வந்தது. நீனா ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். முப்பத்தெட்டு வயதில் உல்யானா பெட்டியோடு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

அந்த வீட்டுச் சமையலறையில்தான் மூன்றாவது படம் பிறந்தது. ஏவுகணை விழுந்து கருகிப்போன மின்மாற்றிகளைக் கொண்டுவந்து, பிரித்து, செப்புக் கம்பி புதிதாகச் சுற்றித் திருப்பி அனுப்பும் பட்டறை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. முதலில் ஊர் எல்லையில் இருந்தது. முதல் குளிர்காலத்திலேயே எதிரிகள் அதைத் தேடி வந்து அடித்தார்கள். இப்போது எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "எங்க கிளம்பிட்டே?" என்று கேட்டால் "சம்பந்தி வீட்டுக்கு" என்பார்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆறு வயதுப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லும்.

சம்பந்தி வீடு என்பது மூடிக் கிடந்த சர்க்கரை ஆலையின் பழைய கிழங்குக் கொட்டகை.

பட்டறை மேஸ்திரி ஹோர்தீ படமெடுக்க அனுமதி கொடுத்தபோது விரலை மடக்கி நிபந்தனை சொன்னார். வெளியே கேமராவைத் திருப்பக் கூடாது. வண்டி எண் தெரியக் கூடாது. எடுத்ததையெல்லாம் அவருக்குக் காட்ட வேண்டும். உல்யானா எல்லாவற்றுக்கும் சரி என்றாள், எல்லாவற்றையும் செய்தாள். ஹோர்தீ மொத்தப் படத்தையும் மூன்று முறை பார்த்து ஒப்புதல் கொடுத்தார்.

படத்தின் உயிர் பதினோரு நிமிஷம் வெட்டாமல் ஓடும் ஒரே காட்சி. கம்பி சுற்றுகிற ஆட்களுக்கு நடுவே கேமரா நடந்து போகிறது. ஏழாவது நிமிஷத்தில் பனாஸ் என்கிற மூத்த தொழிலாளி கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறார், பேசுகிறார். கடைசி நான்கு நிமிஷம் பத்து விநாடி அவர்தான். படம் முழுவதிலும் பனாஸ் வருவது அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

அக்டோபரில் எடுத்தது. ஜனவரியில், ஆள் பற்றாக்குறை என்று துணைமின் நிலையத்துக்கு அவசர வேலைக்குப் போன பனாஸ் திரும்பி வரவில்லை. முதல் ஏவுகணை விழுந்து அரை மணி கழித்து, பழுது பார்க்க ஆள் வந்திருப்பார்கள் என்று கணக்குப்போட்டு இரண்டாவது விழுந்தது. கடைசியாக முகம் பார்க்கச் சவப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாட்டில், அவர் மனைவி ரயீசா பரிமாறுவதை நிறுத்திவிட்டு உல்யானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் படத்துல அவர் வர்றாராமே?"

"வர்றார் அத்தே."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம், பத்து செகண்ட்."

"முகம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழுது."

ரயீசா சமையல் மேல்துணியில் கையைத் துடைத்தாள். "போட்டோ வீடு நிறைய இருக்கு. எல்லாத்துலயும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், போலீஸ்காரன் மாதிரி. நம்ம ஊர்ல போடும்போது சொல்லு. முன்வரிசையில உக்காந்து பார்க்கணும்."

"வாக்கு அத்தே" என்றாள் உல்யானா.

ஏப்ரலில் பெரிய பட விழா ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை பூசணிக்காய் இல்லை. 'அந்தப் பதினோரு நிமிஷக் காட்சிக்காகவே எடுத்துக்கொண்டோம்' என்று தேர்வுக் குழுத் தலைவி எழுதியிருந்தாள். நீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பார்த்தாள், ஒரு எழுத்தும் புரியாமல் இரண்டு முறை முத்தமிட்டாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை இன்னொரு கடிதம் வந்தது. விழாவின் விவரப் புத்தகம் தயாரிக்கும் பெண் எழுதியது. ரொம்ப அன்பான கடிதம். 'ஜன்னலுக்கு வெளியே தெரியும் புகைபோக்கியும், அதன் உச்சியில் வண்டிச் சக்கரத்தின் மேல் கட்டிய செங்கால் நாரைக் கூடும் எவ்வளவு அழகு! இணையத்தில் தேடினேன், ஐந்தே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. வெர்பிவ்கா சர்க்கரை ஆலைதானே? இந்தப் பழைய படத்தையும் புத்தகத்தில் போடலாமா?' கீழே யாரோ ஒரு சுற்றுலாப் பயணி என்றோ எடுத்த படம். அதே புகைபோக்கி, அதே சக்கரம், அதே கூடு.

உல்யானா மடிக்கணினியை இழுத்தாள். படத்தைத் திறந்து ஜன்னலிடத்துக்கு ஓட்டினாள். பனாஸ் ரொட்டியை வாயருகே கொண்டுபோகிறார். அவர் காதுக்குப் பின்னால், பட்டப்பகலில், புகைபோக்கி.

இருநூறு முறை பார்த்திருப்பாள் இந்தக் காட்சியை. புகைபோக்கி ஒரு முறைகூடக் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? பிறந்ததிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில், கல்யாண வீடியோவில், அம்மா துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால். வெர்பிவ்காக்காரர்களுக்கு அது வானத்தில் ஒரு பகுதி.

ஐந்து நிமிஷம் என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். நல்லவளுக்கு ஐந்து நிமிஷம். கெட்டவனுக்கு?

வியாழக்கிழமை நடுப்பகல் பன்னிரண்டுக்குப் பத்திரிகையாளர்கள் எல்லோருக்கும் இணையத்தில் படத்தைத் திறந்துவிடுவார்கள். உல்யானா தன் எடிட்டர் இஹ்நாத்துக்கு கீவுக்குப் போன் போட்டாள்.

"இஹ்நாத், ஜன்னல் காட்சியைத் திற."

"எதை வச்சுத் திறக்கறது? பதினெட்டாவது மாடில மெழுகுவத்தி ஏத்தி உக்காந்திருக்கேன். லிஃப்டும் இல்லை, தண்ணியும் இல்லை. என்ன ஆச்சு?"

சொன்னாள்.

"எனக்கு அது ஏதோ ஒரு புகைபோக்கி. நீ அது காலடியிலேயே பொறந்தவ, உனக்குமா தெரியலை?"

"அங்கேயே பொறந்ததாலதான் தெரியலை. அதை மட்டும் மறைக்க முடியுமா?"

"உன் கையில கேமரா ஆடுது, அந்த ஆளோட தலையும் ஆடுது. ஒவ்வொரு ஃபிரேமா உக்காந்து மறைக்கணும். கரண்ட் இருந்தாலே ஒரு வாரம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தை வெட்டித் தூக்கிடு."

"வெட்டினா பனாஸ் மாமா படத்துலயே இல்லை."

"வச்சிருந்தா அங்க யாருமே இல்லாம போகலாம்."

அவள் போனை வைத்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

புதன் காலை பட்டறைக்கு ஓடினாள். உள்ளே நுழையவும் மணி ஒன்பதாகவும் சரியாக இருந்தது. ஒன்பது அடித்தால் நாடு முழுக்க ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கும், செத்தவர்களுக்காக. ஒலிபெருக்கியில் டக், டக் என்று தாளம். பதினாறு பேர் கையில் பிடித்த ஸ்பானரோடும் கம்பியோடும் அப்படியே நின்றார்கள். உல்யானாவும் நின்றாள். பனாஸ் உட்கார்ந்த மரப்பெட்டி ஜன்னலோரம் காலியாக இருந்தது. இவர்கள் தலைக்கு மேல் எமனைக் கூப்பிட்டுவிட்டு, இவர்களோடு சேர்ந்து மௌனமாக நிற்கிறேனே என்று அவளுக்கு உறுத்தியது. அறுபது விநாடி இவ்வளவு நீளமா?

தாளம் நின்றதும் ஹோர்தீயைத் தனியே இழுத்துப்போய்ப் போனைக் காட்டினாள். அவர் போனைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

"மூணு தடவை பார்த்தேன் உன் படத்தை. நம்பர் பிளேட்டைத் தேடினேன், பசங்க மூஞ்சியைத் தேடினேன். தார்ப்பாய்ல கம்பெனி பேர் இருக்கான்னுகூடப் பார்த்தேன்." தலையில் அடித்துக்கொண்டார். "இது நம்ம மூக்கு மாதிரி. எவன் தன் மூக்கைப் பார்க்கிறான்?"

"பட்டறையை வேற எடத்துக்கு..."

"ஒரு மின்மாற்றி அறுபது டன், இன்னும் ரெண்டு தலா நாப்பது டன். உங்கம்மாவோட எடைமேடையே தாங்காது. எங்க தூக்கிட்டு ஓடறது? இதுவரைக்கும் எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

"பதினாலு பேர். தேர்வுக் குழு, மொழிபெயர்க்கிறவங்க..."

"நல்லவங்களா?"

"தெரியாது."

ஹோர்தீ அவளைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நீ கெட்ட எண்ணத்துல செய்யலை, எனக்குத் தெரியும்" என்றார். "குண்டுக்கு அது தெரியாது. போய் மாத்து."

வீட்டுக்கு வந்து, கரண்ட் வரும் இரண்டு மணிக்காகச் சமையலறையில் காத்திருந்தாள். வெட்டினால் பனாஸ் இல்லை. வெட்டாவிட்டால் பதினாறு பேரும், ஆலையைச் சுற்றிக் குடியிருக்கும் நாற்பது வீடுகளும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் கை போகவில்லை. ஆறு மணி நேரக் கல்யாணத்தை வெட்டத் தெரியாத கை, செத்த மனிதரை எப்படி வெட்டும்? இந்த வீட்டு அலமாரியில்தான் அந்தப் பழைய கறுப்பு டேப்பும் இருந்தது. அதை நினைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த டேப்பில் ஒருவரையும் பார்க்க முடியாது, ஆனால் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

மறுபடி இஹ்நாத்தைக் கூப்பிட்டாள். "கறுப்பு போடறேன். நாலு நிமிஷம் பத்து செகண்டும். சத்தம் அப்படியே இருக்கட்டும்."

"பைத்தியமா? புரொஜெக்டர் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"போகட்டும்."

கறுப்பு போடுவது பத்து நிமிஷ வேலை. படத்தை அனுப்புவதுதான் உயிரை வாங்கியது. ஆறு மணிக்குக் கரண்ட் போனபோது எழுபத்தொரு சதவீதம் போயிருந்தது. மடிக்கணினியை அணைக்காமல் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நகராட்சிக் கூடாரத்துக்கு நடந்தாள். அங்கே ஜெனரேட்டர் உண்டு, இணையம் உண்டு, ஊரில் பாதிப் பேர் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இருப்பார்கள். ஒரு ஆள் அவளுடைய செருகியைப் பிடுங்கிவிட்டு முகச்சவர மெஷினைச் செருகப் பார்த்தான்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள் உல்யானா.

"இவ பெரிய டைரக்டராம், கோபத்தைப் பாரு" என்று அவன் முணுமுணுத்தான். பாதி தாடியோடு ஒதுங்கி நின்றான்.

ஏழரைக்கு முழுதும் போய்ச் சேர்ந்தது. வியாழன் காலை பதில் வந்தது. கேட்டுக்கொண்டபடி விவரப் புத்தகத்திலிருந்து அந்தப் பழைய படத்தை நீக்கிவிட்டோம், புதிய பிரதியை ஏற்றிவிட்டோம், காரணம் மட்டும் புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவள் காரணம் சொல்லவில்லை.

அதோடு முடிந்ததா? முன்பே பார்த்துவிட்ட பதினாலு பேரை எந்தப் பிரதியால் மாற்றுவது? அந்த மே மாதம் முழுக்க ஒவ்வொரு அபாயச் சங்கும் தன் பெயரைச் சொல்லி ஊதுவதாக அவளுக்குத் தோன்றியது. சங்கு ஊதினால் ஊர் நிலவறைக்கு ஓடும். அவள் மட்டும் ஜன்னலுக்கு ஓடிப் புகைபோக்கி நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றது. வசந்தத்தில் வந்த நாரைகள் மூன்று குஞ்சு பொரித்திருந்தன. சாப்பாடு இறங்கவில்லை. "எட்டு கிலோ இறங்கிட்டே" என்றாள் நீனா, பார்த்த பார்வையிலேயே.

ஜூனில் பட விழா. ஜனங்கள் எழுந்து போகவில்லை. இருட்டு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டாம் பரிசு. 'இருட்டைக் காட்டும் துணிச்சலுக்காக' என்று மேடையில் சொன்னார்கள். துணிச்சலாம்! பயத்தில் தொடை நடுங்கப் போட்ட கறுப்பு அது. நிருபர்கள் சுற்றி நின்றுகொண்டு, அந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அங்கே மறைக்க ஏதோ இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டினது போலாகும். "மின்வெட்டு எங்கள் வாழ்க்கை, அதைப் பார்வையாளர்களும் உணரட்டும் என்று..." என்று எதையோ உளறினாள். அது அப்படியே எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பதினைந்து வருஷமாக ஏங்கிய பெயர் அவளுக்குப் பொய்யாகக் கிடைத்தது. பரிசை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது நீனா கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ணேகால் கிலோ" என்றாள்.

இனி மிச்சம் இருந்தது ரயீசா. படத்தில் பனாஸின் முகம் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். மூன்று முறை அவள் வீட்டுக் கதவுவரை போனாள் உல்யானா. முதல் முறை வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாவது முறை நாயைத் தடவிவிட்டு வந்தாள். மூன்றாவது முறை ரயீசாவே சொன்னாள்: "நீல ரவிக்கை ஒண்ணு தைக்கக் குடுத்திருக்கேன், படத்தன்னிக்குப் போட." உல்யானா "அழகா இருக்கும் அத்தே" என்று சொல்லிவிட்டு வந்தாள். உலகத் துணிச்சல் பரிசு வாங்கிய பெண்!

ஊரில் அசல் பிரதியையே போடலாமே, இங்கே எல்லோருக்கும் தெரிந்த இடம்தானே என்று ஹோர்தீயிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒருத்தன் போன்ல திரையைப் படம் பிடிச்சுப் போட்டா போதும். பேசாத" என்றார்.

செப்டம்பர், ஞாயிறு மதியம் மூன்று மணி, பள்ளிக்கூட நிலவறை. வெளியே ஜெனரேட்டர் ஓடியது. நகராட்சித் தலைவர் இரண்டு வார்த்தை பேசி அவளிடம் பூங்கொத்தைக் கொடுத்தார். கைதட்டல் அடங்குவதற்குள் நீனா எழுந்து வந்து பூக்களை எண்ணினாள். பன்னிரண்டு. இரட்டைப்படையில் பூ சவத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

"இவருக்கு எண்ணத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு பூவை உருவி நாற்காலிக்கு அடியில் போட்டாள். ஜனங்கள் சிரித்தார்கள். உல்யானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசை நடுவில் ரயீசா இருந்தாள். நீல ரவிக்கை, சீராக்கிய தலைமுடி, மடியில் கைப்பை.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் குனிந்தாள். "அத்தே, ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லு, ஆரம்பிச்சுட்டாங்க" என்று ரயீசா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

படம் ஓடியது. தங்கள் முதுகையும் தொப்பையையும் பார்த்துப் பட்டறை ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். பதினோரு நிமிஷக் காட்சி வந்தது. கேமரா கம்பி சுற்றுபவர்களுக்கு நடுவே நடந்தது. ஐந்து நிமிஷம், ஆறு. ரயீசாவின் விரல் இறுகியது. அவள் முன்னால் சாய்ந்தாள். பனாஸின் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது, துணியில் துடைத்துக்கொண்டிருந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பியது.

திரை கறுத்தது.

"போச்சுடா!" என்றது ஒரு குரல். "அதானே பார்த்தேன், இன்னும் போகலையேன்னு!" என்றது இன்னொன்று. மறு விநாடி முப்பது நாற்பது போன்களின் டார்ச் எரிந்தது. இரண்டு தொழிலாளிகள் சொல்லிவைத்தாற்போல எழுந்து ஜெனரேட்டருக்கு ஓடக் கிளம்பினார்கள். "டீசல் ஊத்தினீங்களாடா?" என்று கத்திக்கொண்டு, விஷயம் தெரிந்த ஹோர்தீயே எழுந்துவிட்டார், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். ஜெனரேட்டர் வெளியே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் உராய்ந்தன, பேச்சும் சிரிப்பும் எழுந்தன. இந்தச் சந்தடிக்கு அடியில் ஒரு ஆள் மென்றுகொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தது யாருக்கும் கேட்கவில்லை.

ரயீசா எழுந்து நின்றாள். உல்யானா கண்ணை மூடிக்கொண்டாள்.

"விளக்கை அணைங்க" என்றாள் ரயீசா. "எல்லாரும் அணைங்க. அவர் பேசறார்."

டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நிலவறை கும்மிருட்டானது. ரயீசா உட்காரவில்லை.

"...பூண்டு வேணுமா?" என்றது பனாஸின் குரல். "வேணாமா? சரி, நீங்கள்லாம் மைக்குல மணம் வந்துடும்னு பயப்படுவீங்க போல." கத்தி பலகையில் நறுக்கும் சத்தம். "நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும், தெரியுமா. இருபத்தெட்டாவது சுத்துல எவனாவது பேச்சுக் குடுத்தா எனக்கு எண்ணிக்கை போயிடும். மறுபடி ஒண்ணுலேர்ந்து. கரெக்டா அப்பதான் ரயீசா போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களான்னு கேப்பா. சாப்பிட்டேன், ஓட்ஸ் கஞ்சின்னு சொல்லுவேன்."

இருட்டில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

இந்தப் பேச்சை உல்யானா இருநூறு முறை கேட்டிருந்தாள். எடிட் செய்யும்போது கேட்டுக் கேட்டு வார்த்தைகள் தேய்ந்து, எங்கே மூச்சு, எங்கே இடைவெளி என்பது மட்டுமே அவளுக்கு மிஞ்சியிருந்தது. அடுத்து என்ன வருகிறது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பித்தப்பையை எடுத்தாச்சு. கொழுப்பு வாயிலயே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் ரயீசாகிட்ட சொல்லிட்டார், எங்கிட்ட சொல்லலை." ஆசையாக மெல்லும் சத்தம். "நீயே பாரு, எவ்வளவு பெரிய துண்டு. உப்புப் போட்ட பன்னிக்கொழுப்பு, கறுப்பு ரொட்டி. மனுஷனுக்கு வேற என்ன வேணும்?" சத்தம் சட்டென்று நின்றது. "அடிப்பாவி, இதையுமா புடிச்சிட்டு இருக்கே? சரி சரி, புடி. ஊர் ஒலகமே பார்க்கட்டும். ரயீசாகிட்ட மட்டும் காட்டிடாதே."

உல்யானாவின் கையைப் பிடித்திருந்த கை குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று இருட்டில் தெரியவில்லை.

"காட்டலைய்யா" என்றாள் ரயீசா, திரையைப் பார்த்து. "இவ காட்டவே இல்லை."